திரை காட்டுவதும் கண் காண்பதும்

மனிதன் தன் புலன்களின் எல்லையைக் கருவிகளால் விரித்துக்கொண்டே வந்திருக்கிறான். தொலைவில் உள்ளதைக் காணத் தொலைநோக்கியையும், நுண்ணியதைக் காண நுண்ணோக்கியையும், மங்கிய பார்வையைத் தெளிவாக்க மூக்குக் கண்ணாடியையும் படைத்துக்கொண்டான். இவையெல்லாம் கண்ணுக்குத் துணையாக நின்றன. காணும் தொழில் என்றும் கண்ணிடமே இருந்தது.

இன்று நம் சாலைகளில் ஓடும் மகிழுந்துகளில் வேறொரு வகைத் துணை வந்து சேர்ந்துள்ளது. வண்டியில் பொருத்திய படக்கருவிகளும் ராடார் முதலிய உணர்கருவிகளும் சுற்றுப்புறத்தை இடைவிடாது அளக்கின்றன. அவை திரட்டியதைக் கணினி ஆராய்கிறது. 'இது மகிழுந்து, இது மோட்டார் சைக்கிள், இது நடந்து செல்லும் ஆள்' என்று வகைப்படுத்துகிறது. பின்னர் அவற்றைச் சிறு சிறு உருவங்களாக ஓட்டுநரின் முன்னுள்ள திரையில் வரைந்து காட்டுகிறது. சில வண்டிகளில் அவ்வுருவங்களும் குறிகளும் முன்கண்ணாடியின்மீதே ஒளியாகப் படிந்து, சாலையோடு சாலையாகத் தோன்றுகின்றன.

இத்திரை ஓட்டுநருக்கு உதவுகிறதா, அல்லது அவர் கவனத்தைக் கவர்ந்து கெடுக்கிறதா? மேலோட்டமாக நோக்கின் இது பொறியியலார் தீர்க்க வேண்டிய வினாவாகத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின், காண்பது என்பது யாது, கண்டதாக நம்புவது என்பது யாது, சாலையில் எதிர்ப்படும் உயிருக்கு நாம் பட்ட கடன் யாது என்னும் பழைய வினாக்கள் இதன் அடியில் கிடக்கக் காணலாம். ஆகவே தமிழ் கற்பிப்போரும் கற்போரும் இதனை எண்ணிப் பார்ப்பது பொருத்தமே ஆகும்.

திரை வந்த வழி

போர் விமானிகள் குனிந்து கருவிகளைப் பார்க்காமல், நிமிர்ந்தபடியே வேகத்தையும் உயரத்தையும் அறிய வேண்டும் என்பதற்காக, முன்கண்ணாடியில் ஒளியால் எழுதிக் காட்டும் முறை முதலில் உருவாயிற்று. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1988-ஆம் ஆண்டு அதனை மகிழுந்துக்குக் கொண்டுவந்தது. 2004-ஆம் ஆண்டு ஜப்பானின் ஹோண்டா நிறுவனம், இருளில் நடந்து செல்லும் ஆளை வெப்பக் கதிர்களால் கண்டறிந்து ஓட்டுநருக்குக் காட்டும் ஏற்பாட்டைத் தன் வண்டி ஒன்றில் அமைத்தது. 2010-ஆம் ஆண்டு சுவீடனின் வால்வோ நிறுவனம், குறுக்கிடும் ஆளைக் கண்டறிந்து வண்டி தானே நிற்கும் முறையை அறிமுகப்படுத்தியது.

நம் நாட்டில் இது செல்வர் வீட்டு வண்டிகளோடு நின்றுவிடவில்லை. 2017 நவம்பரில் வெளிவந்த மூன்றாம் தலைமுறைப் பெரோடுவா மைவியின் உயர்வகையிலேயே முன்னால் செல்லும் வண்டியை மோதும் நிலை வந்தால் எச்சரிக்கும் அமைப்பு இடம்பெற்றது. 2020-இல் வந்த புரோட்டான் எக்ஸ்50 இத்தகைய துணைகளை மேலும் பரப்பியது. 2023-ஆம் ஆண்டு தெஸ்லா நிறுவனம் மலேசியாவில் விற்பனையைத் தொடங்கியபின், சுற்றியுள்ள வண்டிகளையும் ஆள்களையும் பெருந்திரையில் பொம்மை உருவங்களாக வரைந்து காட்டும் காட்சி நம் மக்களுக்கும் பழகிய ஒன்றாயிற்று.

நம் சாலையில் செல்வோர்

கருவியைப் பற்றிப் பேசுமுன், அக்கருவி எந்தச் சாலையில் ஓடப் போகிறது என்பதைப் பார்த்தல் வேண்டும். பண்டார் பாரு கெடா மாநிலத்தின் தென்கோடி. கிரியான் ஆற்றைக் கடந்தால் பேராக் மாநிலத்துப் பாரிட் புந்தார். மேற்கே பினாங்கு மாநிலத்து நிபோங் திபால். வடக்கே செர்டாங்கையும் அதற்கப்பால் கூலிமையும் நோக்கிச் செல்லும் சாலைகள் செம்பனைத் தோட்டங்களையும் எஞ்சியுள்ள இரப்பர்த் தோட்டங்களையும் ஊடறுத்துச் செல்கின்றன. தோட்டத்து மண்சாலைகள் திடீரெனத் தார்ச்சாலையில் வந்து கலக்கும் இடங்கள் பல. குலை ஏற்றிய லோரி அங்கிருந்து வெளிப்படும். விடியற்காலையில் வேலைக்குச் செல்வோரின் மோட்டார் சைக்கிள்கள் வரும். பள்ளிக்குப் போகும் பிள்ளை தந்தையின் முதுகில் சாய்ந்து அரைத்தூக்கத்தில் வரும். தோட்டப்புறத்தில் வளர்க்கும் மாடுகள் மாலையில் சாலையின் சூட்டை விரும்பி வந்து படுக்கும்.

மலேசியச் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் ஏறத்தாழ மூவரில் இருவர் மோட்டார் சைக்கிளில் செல்வோர் ஆவர். மகிழுந்துக்குள் இருப்பவரைச் சுற்றி இரும்புக் கூடும், இருக்கை வாரும், காற்றுப் பையும் உள்ளன. மோட்டார் சைக்கிளில் செல்பவருக்குத் தலைக்கவசம் ஒன்றே உண்டு. எனவே திரை நல்லதா தீயதா என்னும் வினாவை, திரைக்கு முன் அமர்ந்திருப்பவரின் வசதியைக் கொண்டு மட்டும் தீர்த்தல் முறையாகாது. திரையில் சிறு உருவமாகத் தோன்றுபவரின் பக்கம் நின்றும் அதனைக் கேட்டாக வேண்டும்.

அளவை மூன்று

நம் முன்னோர் ஒரு பொருளை அறியும் வழிகளை 'அளவை' என்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், நூலைத் தொடங்கும்போதே இவ்வளவைகளை ஆராய்கிறது. அளவைகளைப் பலவாக எண்ணுவோர் உளர் எனினும், அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடங்கும் என்பது அந்நூலின் துணிபு. நெருப்பைக் கண்ணால் காண்பது காட்சி. புகையைக் கண்டு அங்கே நெருப்பு உண்டென்று துணிவது கருதல். நம்பத்தக்கவர் சொல்லக் கேட்டு அறிவது உரை.

இவ்வளவைகளைக் கொண்டு மகிழுந்துத் திரையை நோக்குவோம். வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தும்போது பின்புறப் படக்கருவி காட்டும் படம் ஒருவகையில் காட்சியே ஆகும். கண்ணாடியில் பிம்பம் பார்ப்பது போல, அங்கே உள்ளதை உள்ளவாறே ஓட்டுநர் தம் கண்ணால் பார்க்கிறார். அப்படத்தில் தெரிவது குழந்தையா கூடையா என்று தீர்மானிப்பவர் அவரே.

கண்டறிந்த பொருள்களை உருவமாக வரைந்து காட்டும் திரையோ அவ்வாறு அன்று. ஒளியையும் அலையையும் அளந்து, 'இது ஆளாக இருக்கலாம்' என்று கணினி கருதுகிறது. அக்கருத்தைச் சொல்லால் உரைக்காமல் படத்தால் உரைக்கிறது. அஃதாவது, இயந்திரத்தின் கருதல் நமக்கு உரையாக வருகிறது; ஆயினும் காட்சியின் உடையை அணிந்து வருகிறது. சிக்கலின் வேர் இங்கேதான் உள்ளது. ஒருவர் சொல்லக் கேட்டதை நாம் இயல்பாகவே சற்று ஐயத்தோடு எடுத்துக்கொள்வோம். கண்ணால் கண்டதாக நினைப்பதை ஐயுறுவது அரிது. திரையில் உருவத்தைப் பார்க்கும் ஓட்டுநர், தாம் ஒரு செய்தியைக் கேட்டதாக எண்ணுவதில்லை. சாலையையே பார்த்துவிட்டதாக எண்ணிவிடுகிறார்.

உதவும் பக்கம்

எனினும் ஒரு பக்கத்தை மட்டும் பேசுதல் நடுவுநிலைமை ஆகாது. திரையால் விளையும் நன்மைகளை மறுக்கவியலாது.

முதலாவது, கண் எட்டாத இடம் உண்டு. வண்டியின் பின்புறத்தில் தாழ்ந்து நிற்கும் குழந்தை ஓட்டுநரின் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் தெரியாது. பள்ளி வாயிலில் வண்டியைத் திருப்பும் பெற்றோர் அனைவரும் இதனை அறிவர். அமெரிக்காவில் 2018 மே மாதம் முதல் புதிய மகிழுந்துகள் யாவற்றிலும் பின்புறப் படக்கருவி இருத்தல் வேண்டும் என்று விதி நடப்புக்கு வந்தது. பின்னோக்கி வந்த வண்டிகளின் அடியில் சிக்கிச் சிறுவர்கள் மாண்டமையே அவ்விதிக்குக் காரணம்.

இரண்டாவது, கண் தளரும் நேரம் உண்டு. அடைமழையிலும், விளக்கில்லாத தோட்டச் சாலையிலும், முதுமையிலும் மனிதக் கண் பின்தங்குகிறது. வெப்பத்தால் ஆளைக் கண்டறியும் கருவிக்கு இருள் ஒரு பொருட்டன்று. இரவு வேலை முடித்துக் களைத்து வரும் ஒருவரை, 'அதோ ஆள்' என்று ஒரு மணியொலி உலுக்கிவிட்டால், அவ்வொலி ஓர் உயிரை மீட்டதாகும்.

மூன்றாவது நன்மை சற்று நுட்பமானது. வண்டி தானே வேகத்தை மாற்றவும் தானே நிற்கவும் வல்லதாகிவிட்டபின், அது எதை அறிந்துள்ளது, எதை அறியவில்லை என்பது ஓட்டுநருக்குத் தெரிந்திருத்தல் நன்று. பக்கத்தில் செல்லும் மோட்டார் சைக்கிள் திரையில் இல்லையென்றால், வண்டி அதனை அறியவில்லை என்று உணர்ந்து ஓட்டுநர் தாமே விழிப்படையலாம். இவ்வகையில் திரை, இயந்திரத்தின் அறியாமையையும் வெளிப்படுத்தும் சாளரம் ஆகிறது. இவ்வாதம் வலியதே. ஆயினும் இதற்குள் ஒரு முரண் உண்டு. இயந்திரம் தவறியதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால், ஓட்டுநர் முதலில் சாலையைப் பார்த்திருக்க வேண்டும். பிறகு திரையைப் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒப்பிட வேண்டும். இயந்திரத்தைக் கண்காணிக்கும் புதிய வேலை ஒன்று அவர் தலையில் ஏறுகிறது. பிரித்தானிய உளவியலறிஞர் லிசான் பெயின்பிரிட்ஜ் 1983-ஆம் ஆண்டு எழுதிய கட்டுரை ஒன்றில் இதனைத் தெளிவாக்கினார். வேலையை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட்டு மனிதனைக் காவலுக்கு நிறுத்தும்போது, மனிதன் மிகச் சரியாகச் செய்ய இயலாத வேலையையே அவனுக்குக் கொடுக்கிறோம் என்பது அவர் கருத்தின் சாரம்.

கவனம் சிதையும் பக்கம்

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 25 மீட்டர் செல்கிறது. இரண்டு விநாடி திரையைப் பார்த்தால், 50 மீட்டரைப் பாராமலே கடந்தாயிற்று. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறை 2013-இல் வெளியிட்ட வழிகாட்டி, வண்டிக்குள் உள்ள கருவிக்காகச் சாலையிலிருந்து கண்ணை எடுக்கும் ஒவ்வொரு பார்வையும் இரண்டு விநாடிக்கு மேற்படலாகாது என்கிறது. இரண்டு விநாடியே உச்ச எல்லை என்றால், அழகிய உருவங்கள் அசைந்துகொண்டே இருக்கும் திரை ஒரு நாளில் எத்தனை முறை கண்ணை ஈர்க்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

'கண்ணைத் திருப்ப வேண்டாதபடி முன்கண்ணாடியிலேயே காட்டிவிட்டால் இக்குறை நீங்காதோ?' என்று கேட்கலாம். அமெரிக்காவின் நாசா ஆய்வுக்கூடத்தில் நடந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தருகிறது. 1980-ஆம் ஆண்டில் அதன் முடிவு வெளியாயிற்று. அனுபவம் மிக்க விமானிகள் போலி விமான அறையில் அமர்ந்து, முன்கண்ணாடிக் குறிகளின் துணையோடு விமானத்தைத் தரையிறக்கினர். ஒருமுறை, அவர்கள் இறங்க வேண்டிய ஓடுபாதையிலேயே மற்றொரு விமானத்தைக் குறுக்கே நிறுத்திக் காட்டினர். எட்டு விமானிகளில் இருவர் அதனைக் காணவே இல்லை. குறிகள் அவர்கள் கண்முன். விமானமும் அதே திசையில் கண்முன். கண் இரண்டையும் நோக்கித் திறந்திருந்தது. கருத்து குறிகளிலேயே தங்கிவிட்டது.

1999-ஆம் ஆண்டு அமெரிக்க உளவியலறிஞர் டானியல் சைமன்சும் கிறிஸ்டோபர் சாப்ரிசும் வெளியிட்ட சோதனையும் இதனையே மெய்ப்பித்தது. பந்து விளையாடுவோரின் எறிதல்களை எண்ணச் சொல்லிக் காணொளி ஒன்றைக் காட்டினர். மனிதக் குரங்கு வேடம் தரித்த ஒருவர் விளையாடுவோரின் நடுவே நடந்து வந்து, நின்று, சென்றார். பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அவ்வுருவத்தைக் காணவில்லை.

கண்ணின் முன் இருப்பது வேறு, கருத்தில் படுவது வேறு என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கரும்பலகையை நோக்கி விழித்திருக்கும் மாணவன் கரும்பலகையைக் காண்கிறான் என்று எந்த ஆசிரியர் உறுதி கூறுவார்?

மேலும், எல்லாவற்றையும் காட்டும் திரை எதனையும் சிறப்பித்துக் காட்டுவதில்லை. அடுத்த தடத்தில் அமைதியாகச் செல்லும் வண்டியும் உருவம். குறுக்கே ஓடிவரப் போகும் சிறுவனும் உருவம். எச்சரிக்கை ஒலிக்கும் இதே குறை உண்டு. மோட்டார் சைக்கிள்கள் இருபுறமும் நெருங்கிக் கடந்து செல்லும் நம் நகரங்களில், கருவி அடிக்கடி அலறும். 'புலி வருகிறது' என்று பொய்யாகக் கூவிய சிறுவனின் கதை நம் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பல முறை வீணே அலறிய கருவி மெய்யாக அலறும்போது, கேட்கச் செவி இராது. சிலர் அதனை அணைத்தே வைத்துவிடுகின்றனர்.

இன்மையை அறிவது எப்படி?

அளவைகளை ஆறு என்று எண்ணியோர் 'அபாவம்' என்பதையும் அவற்றுள் ஒன்றாகக் கொண்டனர். ஒரு பொருள் இல்லை என்பதை, அது தோன்றாமையால் அறிவதே அபாவம். மேசையின்மீது குடம் தோன்றவில்லை. ஆகவே குடம் இல்லை என்கிறோம். இம்முடிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குடம் இருந்தால் நமக்குத் தோன்றியே தீரும் என்னும் நிலை இருந்தால்தான், தோன்றாமை இன்மையைக் காட்டும். இருட்டறையில் குடம் தோன்றவில்லை என்பதால் குடம் இல்லை என்று கூறலாகாது.

வெறுமையாக இருக்கும் திரையைப் பார்த்து 'சாலையில் எவரும் இல்லை' என்று துணியும் ஓட்டுநர், இந்த நிபந்தனையை மறந்துவிடுகிறார். இயந்திரம் கற்றதையே காணும். சுவீடனில் பெருமான்களைக் கண்டறியப் பழகிய வால்வோவின் கருவி, ஆஸ்திரேலியாவில் கங்காருவிடம் தடுமாறியதை அந்நிறுவனத்தாரே 2017-இல் ஒப்புக்கொண்டனர். தரையை அடையாளமாகக் கொண்டு தொலைவை அளக்கும் கருவிக்கு, துள்ளி மேலே எழும் கங்காரு தொலைவில் இருப்பதாகவும், தரையில் இறங்கியதும் அருகில் இருப்பதாகவும் தோன்றிற்று. வடநாட்டு விலங்கைக் கற்ற கருவிக்குத் தென்னாட்டு விலங்கு புதிராயிற்று என்றால், செம்பனைக் குலைகளைக் கட்டிச் செல்லும் மோட்டார் சைக்கிளும், இருளில் சாலை நடுவே படுத்திருக்கும் கறுப்பு மாடும் எல்லாக் கருவிகளுக்கும் தெரிந்தவையாகவே இருக்கும் என்று எண்ணிவிடுதல் கூடாது.

இதனினும் துயரமான சான்று ஒன்று உண்டு. 2018 மார்ச் 18-ஆம் நாள் இரவு, அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து டெம்பி நகரில், ஊபர் நிறுவனம் சோதித்து வந்த தானியங்கி வண்டி, மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மணியை மோதிக் கொன்றது. அரசு ஆய்வாளர்கள் வெளியிட்ட செய்தி சிந்தையை உலுக்குவது. மோதலுக்கு 5.6 விநாடிக்கு முன்னரே கருவி அவரைக் கண்டறிந்துவிட்டது. ஆனால் அவர் யார் என்று அதற்குத் தெரியவில்லை. ஒரு கணம் வண்டி என்றது. ஒரு கணம் வேறு பொருள் என்றது. ஒரு கணம் மிதிவண்டி என்றது. கடக்கும் கோடு இல்லாத இடத்தில் மனிதர் சாலையைக் கடப்பர் என்பதை அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. காவலுக்கு உள்ளே அமர்ந்திருந்தவரோ அப்போது தம் கைப்பேசியை நோக்கியிருந்தார். இயந்திரம் கண்டும் அறியவில்லை. அறியக்கூடிய மனிதர் காணவில்லை. இருவர் காவல் இருந்தும் ஓர் உயிர் இருவருக்கும் இடையே விழுந்து மாய்ந்தது.

கண்ணோட்டம் என்னும் கடமை

திருக்குறளில் 58-ஆம் அதிகாரத்திற்குக் 'கண்ணோட்டம்' என்று பெயர். இரக்கம், பரிவு என்று நாம் பொருள் கொள்ளும் இச்சொல், பிறர்மீது கண் ஓடுதல் என்னும் சொற்பொருளைத் தன்னுள் வைத்திருக்கிறது. தமிழர் அறவுணர்ச்சியைக் கண்ணின் செயலாகவே கண்டனர். ஒருவரைக் கண்டவுடன் நம் நெஞ்சில் எழும் நெகிழ்ச்சியே அவரிடம் நாம் கொள்ளும் கடமைக்குத் தொடக்கம். அது இல்லாத கண்ணை வள்ளுவர் கண்ணாகவே மதிக்கவில்லை.

மோட்டார் சைக்கிளில் முதியவர் ஒருவர் தள்ளாடிச் செல்வதைக் கண்ணால் கண்டவர், எச்சரிக்கை ஒலி இல்லாமலே வேகத்தைக் குறைப்பார். சாலையோரம் நிற்கும் சிறுவனின் பார்வை எதிர்ப்பக்கத்துப் பந்தின்மேல் இருப்பதைக் கண்டவர், அவன் ஓடுவதற்கு முன்பே காலை நிறுத்தியின்மேல் வைப்பார். திரையில் முதியவரும் இளைஞரும் ஒரே உருவம். பந்தைப் பார்க்கும் சிறுவனும் பேருந்துக்குக் காத்திருக்கும் பெரியவரும் ஒரே உருவம். அங்கே 'ஆள் ஒன்று' என்னும் கணக்கு உண்டு. இன்னார் என்னும் அறிவு இல்லை.

வருகைப் பதிவேட்டை இதற்கு ஒப்பிடலாம். இன்று வகுப்பில் 23 மாணவர் வந்துள்ளனர் என்று பதிவேடு சொல்லும். அது பயனுள்ள செய்தியே; பதிவேடு இல்லாமல் பள்ளி நடவாது. ஆனால் அவர்களுள் காலையுணவு உண்ணாமல் வந்தவன் யார், இரவெல்லாம் அழுதவள் யார் என்பதைப் பதிவேடு சொல்லாது. முகங்களைப் பார்த்த ஆசிரியருக்கே அது தெரியும். பதிவேட்டைக் குறித்துவிட்டதால் மாணவரைப் பார்த்துவிட்டதாக எண்ணும் ஆசிரியரும், திரையைப் பார்த்துவிட்டதால் சாலையைப் பார்த்துவிட்டதாக எண்ணும் ஓட்டுநரும் ஒரே வகைப் பிழையைச் செய்கின்றனர்.

குறளின் 54-ஆம் அதிகாரம் 'பொச்சாவாமை'. மறதி இன்மை, சோர்வு இன்மை என்பது அதன் பொருள். அளவு கடந்த சினத்தைவிடவும், மகிழ்ச்சியின் மிகுதியால் வரும் மறதி தீயது என்று அவ்வதிகாரம் தொடங்குகிறது. சினத்தில் இருப்பவன் தான் சினத்தில் இருப்பதை ஓரளவேனும் உணர்வான். வசதியில் மயங்கியவன் தான் சோர்ந்ததை உணரமாட்டான். 'வண்டி பார்த்துக்கொள்ளும்' என்னும் மகிழ்ச்சியில் பிறக்கும் சோர்வு அத்தகையது. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம், கவனமின்றி ஓட்டுதலை ஓட்டுபவரின் குற்றமாகவே வைத்துள்ளது. திரை காட்டவில்லை என்று சொல்லி அறத்தின் முன்னும் தப்பிவிட இயலாது.

நல்ல துணைக்கு அடையாளம்

அவ்வாறாயின் இத்துணைகளைத் தள்ளிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. நல்ல துணை எது, தீய துணை எது என்று பிரித்தறியும் அளவுகோல் ஒன்றே நமக்குத் தேவை.

1992-ஆம் ஆண்டு நம் நாட்டில், மோட்டார் சைக்கிள்கள் பகலிலும் முன்விளக்கை ஏற்றிச் செல்ல வேண்டும் என்னும் முறை நடப்புக்கு வந்தது. 'பட்டப்பகலில் விளக்கா?' என்று அந்நாளில் பலரும் வியந்தனர். கண்ணுக்குப் புலப்படாமையால் நேரும் மோட்டார் சைக்கிள் விபத்துகள் அதனால் ஏறத்தாழ 29 விழுக்காடு குறைந்தன என்று மலேசிய ஆய்வாளர்கள் பின்னர்க் கண்டறிந்தனர். இது எளிய ஏற்பாடு. திரை இல்லை, கணினி இல்லை. காணப்பட வேண்டியவரையே ஒளியுடையவராக்கி, ஓட்டுநரின் கண்ணை அவர்பால் அழைத்தது.

2011-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் செய்த ஏற்பாடும் இவ்வழியிலேயே சென்றது. இருளில் ஆள் நிற்பதை வண்டி கண்டறிந்தால், அவர்மீதே ஓர் ஒளிக்கற்றையைப் பாய்ச்சும். கருவி கண்டதை ஓட்டுநர் தம் கண்ணாலேயே, அந்த ஆள் நிற்கும் இடத்திலேயே காண்கிறார். உரையாக வந்த செய்தி அங்கே காட்சியாக நிறைவுறுகிறது.

தமிழ் பயில்வோருக்கு இது புதிதன்று. குறளுக்குப் பரிமேலழகர் உரை உண்டு. நல்ல உரை, படிப்பவரை மீண்டும் மூலத்திடம் அனுப்பும். மூலத்தில் தாம் காணத் தவறிய நயத்தைக் காணச் செய்யும். தேர்வுக் குறிப்பு நூலோ மூலத்தைப் படிக்க வேண்டாதபடி செய்துவிடும். குறிப்பு நூலை மட்டும் படித்தவன் பாடலைப் படித்ததாக எண்ணிக்கொள்வான். வினா சற்றே மாறினால் திகைத்து நிற்பான். திரைக்கும் இதுவே அளவுகோல். ஓட்டுநரின் கண்ணைச் சாலைக்கு அனுப்பும் திரை நல்ல உரை. கண்ணைத் தன்னிடமே நிறுத்திக்கொள்ளும் திரை குறிப்பு நூல்.

இவ்வளவுகோலால் அளந்தால் சில முடிவுகள் தாமே புலனாகும். கண் எட்டாத இடத்தை மெல்லிய வேகத்தில் காட்டும் பின்புறப் படம் நன்று. எப்படியும் நோக்க வேண்டிய பக்கக் கண்ணாடியிலேயே எரியும் சிறு விளக்கு நன்று. அது கண்ணைத் தவறான இடத்திற்கு இழுப்பதில்லை. ஆபத்து நெருங்கும்வரை வாளாவிருந்து, நெருங்கும்போது திசையைச் சுட்டி எழுப்பும் ஒலி நன்று. ஓடிக்கொண்டே இருக்கும்போது சுற்றுப்புறம் முழுவதையும் வண்ண உருவங்களாக ஆட்டிக் காட்டும் திரையோ, பெரும்பாலும் இயந்திரத்தின் திறமையைப் பறைசாற்றுவது. விற்பனைக் கூடத்தில் அதற்குப் பயன் மிகுதி, விடியற்காலைத் தோட்டச் சாலையில் பயன் குறைவு.

நம் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்துச் செல்லும் பிள்ளை, 16 வயதில் மோட்டார் சைக்கிள் உரிமம் பெறலாம்; 17 வயதில் மகிழுந்து உரிமம் பெறலாம். இடையில் இருப்பவை நான்கைந்து ஆண்டுகளே. முதலில் அவன் பிறர் திரையில் தோன்றும் சிறு உருவமாகச் சாலைக்கு வருவான். பின்னர்த் தானே திரையின் முன் அமர்வான். அவன் ஓட்டப்போகும் வண்டிகளில் இன்றுள்ளவற்றினும் கூர்மையான கருவிகள் இருக்கும். கூர்மை பெருகப் பெருக அவற்றை நம்பும் மனமும் பெருகும். அக்கருவிகளை வடிவமைக்கும் வேலை நம் கையில் இல்லை. கேட்டதைக் கண்டதாகக் கொள்ளாமல் இருக்கவும், தோன்றாததை இல்லாததாகத் துணியாமல் இருக்கவும், எதிர்ப்படும் மனிதரின்மேல் கண் ஓடவும் அவனைப் பழக்கும் வேலை நம் கையில் உள்ளது. மொழிப்பாடத்தில் மூலத்தைப் படிக்கச் சொல்லி வற்புறுத்தும் ஒவ்வொரு நாளும் அப்பயிற்சியைத்தான் அளிக்கிறோம். அதனைச் சாலைக்கும் உரியதாகச் சொல்லிக் கொடுப்போமாக.